ஒரே தொட்டியில் ஐந்து சாரைக்குஞ்சுகள்

மரச்சீவல் குவியலில் மண்வெட்டியைச் செருகிய அர்வெட்டா ப்ரூயிட், அதை அப்படியே விட்டுவிட்டுக் குனிந்ததை எதிர்ப்புறத்து வேலியிலிருந்து பார்த்தேன். ஏதோ மோதிரம் விழுந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனேன். கிழிந்த தோல் பை போல முட்டை ஓடுகள் கிடந்தன. அவற்றின் நடுவே பென்சில் தடிமனில் ஐந்து பாம்புக்குஞ்சுகள், சாம்பல் நிறத்தில், முதுகெல்லாம் கரும்பொட்டுகளோடு நெளிந்தன. ஒன்று வாலை உலர்ந்த சீவலில் படபடவென்று அடித்து எங்களை மிரட்டியது.

அவள் தங்கை நெல்டா களைக்கொத்தோடு ஓடிவந்தாள். "தள்ளு அர்வெட்டா. செம்புத்தலை விரியன் அது. ஒரே போடு போட்டுடறேன்."

"ஓடு கிடக்குது பார். விரியன் முட்டையா போடும்? குட்டிதானே போடும். இது சாரை. குட்டியா இருக்கிறப்போ இப்படித்தான் பொட்டுப்பொட்டா இருக்கும். வளர்ந்தா கறுத்துடும்."

"வளர்ந்தா கோழிமுட்டையைத் திருடும்."

"நம்மகிட்ட ஏது கோழி?"

அது உண்மைதான். ஓசார்க் மலையடிவாரத்தில் எங்கள் தெருவிலேயே கோழி வளர்க்காத வீடு அவளுடையது ஒன்றுதான். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஓய்வு பெறும்வரை கோழிக்கறி ஆலையில் வரிசையில் நின்று குடல் எடுத்தவள். இனி உயிரோடு ஒரு கோழியின் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அப்படிப்பட்டவள் ஐந்து பாம்புக்குஞ்சுகளையும் ஏப்ரனில் அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் போனபோது நெல்டா என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய முடியும்? தொப்பியைச் சரிசெய்துகொண்டேன்.

அர்வெட்டாவின் புருஷன் ஹோய்ட் உயிரோடிருந்தபோது மீன் வளர்த்த கண்ணாடித் தொட்டி பரணில் இருந்தது. அதைக் கழுவி, சீவல் பரப்பி, ஒரு தண்ணீர்க் கிண்ணமும் ஒளிந்துகொள்ள ஒரு காப்பித் தகரமும் வைத்தாள். மேலே கம்பிவலை. தீனிக்கு, பெரிய சாலையோரம் பிராணிக்கடை வைத்திருந்த கார்லண்டிடம் என் வண்டியில்தான் போனோம். கண் திறக்காத எலிக்குஞ்சுகளை உறைய வைத்துப் பொட்டலமாக விற்பான்.

"ஒண்ணு சொல்லிடறேன் மேடம்," என்றான் கார்லண்ட். "எல்லாத்தையும் ஒரே தொட்டியில போடாதீங்க. ஆளுக்கொரு டப்பா."

"ஏன்?"

"பாம்புக்குத் தனியா இருக்கிறதுதான் பிடிக்கும்."

"பிரிக்க மாட்டேன்," என்றாள் அர்வெட்டா. அதற்கு மேல் அவன் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு எட்டு வயதில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா வேலை தேடிப் போனவர் திரும்பவில்லை. மாவட்ட அதிகாரிகள் வந்து மூன்று பிள்ளைகளையும் மூன்று வீடுகளுக்கு அனுப்பினார்கள். தம்பி லோன்ஸோ எங்கே போனான் என்று கடைசிவரை தெரியவில்லை. நெல்டாவைத் தேடிப்பிடித்தபோது இருவருக்குமே தலை நரைத்துவிட்டது. "இனிமே ஒரே கூரைதான்" என்று அர்வெட்டா அவளைப் பக்கத்து மாநிலத்திலிருந்து மூட்டை முடிச்சோடு அழைத்து வந்துவிட்டாள்.

ஒரே கூரை என்றால் சும்மாவா? அர்வெட்டா எழுந்தால் நெல்டாவும் எழ வேண்டும். ஒன்றாகச் சாப்பாடு, ஒன்றாகச் சர்ச், ஒரே தொலைக்காட்சி நிகழ்ச்சி. நெல்டா தனியாகக் கடைக்குக் கிளம்பினால்கூட, "இரு, நானும் வர்றேன்" என்பாள் அர்வெட்டா. இப்போது குளிர்பெட்டியில் எலிப் பொட்டலம் வேறு.

"பீச் பழ ஐஸ்கிரீமுக்குப் பக்கத்துல செத்த எலி," என்று நெல்டா என்னிடம் சொன்னாள். "வென்டல், எடுத்துட்டுப் போறியா?"

"எலியையா?"

"ஐஸ்கிரீமை. என்னால இனிமே தொட முடியாது."

ஆனால் குஞ்சுகள் நன்றாகவே வளர்ந்தன. தோலுரித்தன. வாலடித்து மிரட்டுவதை நிறுத்தின. ஐந்தும் காப்பித் தகரத்துக்குள் ஒரே முடிச்சாகச் சுருண்டு கிடக்கும். "பாரு, எவ்வளவு ஒத்துமை," என்று அர்வெட்டா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள். வந்தவர்கள் வாசற்படியிலிருந்தே பார்த்துத் தலையாட்டினார்கள்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து வந்து நான் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கதவு தட்டப்படவில்லை, திறந்தது. அர்வெட்டா நின்றாள். சர்ச்சுக்குப் போட்ட நீலக் கவுன், காலில் செருப்பில்லை. உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. கையை நீட்டினாள்.

கையில் ஒரு பாம்புக்குஞ்சு. உடம்பு பாதிவரை விரல் மாதிரி உப்பியிருந்தது. அதன் வாயிலிருந்து இன்னொரு குஞ்சின் வால் தொங்கியது. அந்த வால் அசைந்துகொண்டிருந்தது.

மான் உரித்திருக்கிறேன், பன்றி வெட்டியிருக்கிறேன். ஆனாலும் அதை வாங்க நான் கையை நீட்டவில்லை.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. எலிக்குஞ்சுகளை மொத்தமாகத் தொட்டியில் போட்டுவிட்டு அவள் தொலைபேசியை எடுக்கப் போயிருக்கிறாள். இரண்டு பாம்புகள் ஒரே எலியை இரண்டு முனையிலும் கவ்வியிருக்கின்றன. இரண்டும் விடவில்லை. நடுவில் வாய்கள் சந்தித்தபோது பெரியது நிறுத்தாமல் விழுங்கிக்கொண்டே போயிருக்கிறது.

அவளை வீட்டுக்கு அழைத்துப் போனேன். நெல்டா ஒரு பார்வை பார்த்தாள், கத்தவில்லை. நேராகக் கார்லண்டின் வீட்டு எண்ணைச் சுழற்றினாள்.

"இழுக்காதீங்க, பல் உள்பக்கமா வளைஞ்சிருக்கும்," என்று அவன் சொன்னது எனக்கும் கேட்டது. "வாயோரமா ரெண்டு சொட்டு சாராயம் விடுங்க. தானாக் கக்கிடும். வீட்ல இருக்கா?"

அந்த வீட்டிலா? அர்வெட்டா சர்ச்சின் ஞாயிறு பள்ளியில் மதுவிலக்குப் பற்றிப் பாடம் எடுத்தவள். எங்கள் மாவட்டத்தில் மதுக்கடையே கிடையாது.

நெல்டா போனை வைத்தாள். தன் அறைக்குப் போனாள். கட்டிலுக்கு அடியில் ஏதோ நகரும் சத்தம் கேட்டது. பாதி காலியான விஸ்கி பாட்டிலோடு திரும்பி வந்தாள்.

அர்வெட்டாவின் கண்கள் பாம்பிலிருந்து பாட்டிலுக்குப் போயின, பாட்டிலிலிருந்து தங்கையின் முகத்துக்குப் போயின. எதைப் பார்த்து அதிகம் அதிர்ந்தாள் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது.

"தலையைப் பிடி வென்டல்," என்றாள் நெல்டா. சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் நான் பிடித்தேன், அவள் கரண்டியால் சொட்டுவிட்டாள். பாம்பு வாயைப் பிளந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மற்றது வெளியே வந்தது, ஈரமாக, தட்டையாக. நெல்டா அதைத் துணியில் வைத்து விரலால் தடவிப் பார்த்தாள். அசைந்துகொண்டிருந்த வாலும் நின்றுவிட்டது.

"கூடப் பிறந்ததுன்னு அதுக்குத் தெரியலையா?" என்றாள் அர்வெட்டா. அதுதான் அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு.

"தெரியாது. வாய்க்கு எட்டினதை முழுங்குச்சு. அதுமேல தப்பு இல்ல."

"இந்த பாட்டில்..."

நெல்டா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "சாயங்காலம் ஒரு கிளாஸ் குடிப்பேன். எப்பவுமே. இங்க வந்தப்புறம் குளியலறையில குழாயைத் திறந்துவிட்டுட்டுக் குடிக்கிறேன். அந்தக் கதவுக்கு மட்டுந்தான் தாழ்ப்பாள் இருக்கு."

நான் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். பாம்பு இன்னும் என் கையில் இருந்தது.

"நான் உன்னை என்ன பண்ணிட்டேன் நெல்டா?"

"ஒண்ணும் பண்ணல. ஆசையாத்தான் வச்சிருக்கே. ஆனா எனக்கு மூச்சு முட்டுது. சொன்னா நீ உடைஞ்சுபோயிடுவியோன்னு பயந்து சொல்லல."

அர்வெட்டா உடைந்துபோகவில்லை. அழக்கூட இல்லை. அடிபட்டவள் போல அந்தத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பிளாஸ்டிக் டப்பாக்கள் வாங்கிவந்து, ஆணியைச் சூடாக்கிக் காற்றுத்துளை போட்டாள். நான்கு குஞ்சுகளும் நான்கு டப்பாக்களுக்குப் போயின. அடுத்த சில வாரங்கள் அந்த வீட்டில் "உப்பை எடு", "கதவைச் சாத்து" என்பதைத் தாண்டிப் பேச்சில்லை. கிறிஸ்துமஸ் கழிந்ததும் அர்வெட்டாவே என்னிடம் வந்து, என் நிலத்தின் ஓரம் சும்மா கிடந்த, சக்கரம் வைத்த டிரெய்லர் வீட்டை நெல்டாவுக்கு வாடகைக்குத் தர முடியுமா என்று கேட்டாள். தங்கையின் பெட்டிகளைத் தானே தூக்கி வந்து வைத்தாள்.

நெல்டா குடிபோன வாரக் கடைசியில் அர்வெட்டா என் வேலியோரம் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"உடம்பு சரியில்லையா, அர்வெட்டா?"

"வென்டல், இந்த வாரம் பூரா நான் நல்லாத் தூங்கினேன்," என்றாள். "ஆயுசு பூரா அவளைத் தேடினேன். கிடைச்சவளை அனுப்பிட்டு, குழந்தை மாதிரித் தூங்குறேன். நான் என்ன மாதிரிப் பொம்பளை?"

வேலிக்கு நான் கட்டிக்கொண்டிருந்த முள்கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். பிடித்தாள். டிரெய்லருக்குள் நெல்டா ஏதோ ஒரு பாட்டை ராகமில்லாமல் உரக்கப் பாடிக்கொண்டிருந்தாள். இருவரும் கேட்டோம்.

"சின்னதுலயும் இப்படித்தான் கத்துவா," என்றாள் அர்வெட்டா. "நானே மறந்துட்டேன்."