யாழினிக்கு வாங்கிய நெய்

ராசிபுரத்திலிருந்து ஆன்லைனில் நெய் விற்கிறேன். பெரிய கம்பெனி ஒன்று பாதி விலைக்கு இறங்கியதும் என் வாடிக்கையாளர்கள் குறைந்துபோனார்கள். விட்டுப்போனவர்களைத் திரும்ப இழுக்க, ஆர்டர் எடுக்கும்போது பேசித் தெரிந்துகொண்ட குழந்தைகளின் பெயரைப் போட்டு, வாட்ஸ்அப்பில் தானாகவே செய்தி போகும்படி வைத்தேன்.

‘யாழினிக் குட்டிக்கு நெய் தீர்ந்திருக்குமே!’

அந்தச் செய்தி போன அன்று காலையிலேயே நாமக்கல்லிலிருந்து யாழினியின் அம்மா கூப்பிட்டார். ஆர்டர்தான் என்று நினைத்து, “எத்தனை பாட்டில் வேணுங்க?” என்றேன் சந்தோஷமாக.

“நெய் தீரலைங்க. பாட்டில் அப்படியே இருக்குதுங்க. பாப்பாதான் காய்ச்சல்ல போயிட்டாளுங்க.”

எனக்கு அழுகைதான் வந்தது. “உங்களுக்கு எப்படிங்க தெரியும்? அழுகாதீங்க” என்று அவர் என்னைத் தேற்றினார்.

அந்தச் செய்தியை அன்றே நிறுத்திவிட்டேன். இப்போது யாராவது வாங்குவதை விட்டால், அந்தப் பெரிய கம்பெனிக்கே மாறியிருக்கட்டும் என்றுதான் சாமியை வேண்டிக்கொள்கிறேன்.