முதல் படம் சாமிக்கு

மாடு வாங்கறவன் பல்லைப் பார்க்கோணும், வண்டி வாங்கறவன் அச்சைப் பார்க்கோணும் என்று எங்கள் பெரியப்பா ஒன்று சொல்வார். மூன்றாவதாக இன்னொன்றும் உண்டு. ஏதோ வாங்கறவன் எதையோ பார்க்கோணும். அது மறந்துவிட்டது. கேமராவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. அதனால்தானோ என்னவோ, சேலத்தில் கேமரா வாங்க வருகிறவர்கள் கேமராவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்க்கிறார்கள்.

மஸ்கட்டில் கேமரா விற்றே தலை நரைத்து, ஊர் திரும்பி, ஐந்து ரோடு பக்கம் கடை போட்டவன் நான். நீங்களும் ஒரு கண்ணாடி மேசைக்குப் பின்னால் நின்று செல்போனோ மிக்சியோ விற்கிறவராக இருந்தால், இதைப் படித்துவிட்டு என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடலாம்.

ஒண்ணாங்கிளாஸ்

புதிதாகப் படமெடுக்கப் பழகுகிறவர்களுக்கென்று சின்னதாக, எடை குறைவாக, குழப்பம் இல்லாத டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராக்கள் உண்டு. அவற்றை ஒரு தட்டில் அடுக்கி, இரண்டு மொழியில் படித்த திமிரில், ‘ஆரம்பநிலையினருக்கு உகந்தவை’ என்று தமிழில் அழகாக ஒரு அட்டை எழுதி வைத்தேன். அன்று முதல் அந்தத் தட்டின் பக்கம் ஈ கூட வரவில்லை.

ஓமலூர்க்காரர் ஒருவர் மகனுக்காக வந்தார். பையன் இதுவரை கேமராவைத் தொட்டதே இல்லை என்று அவரே சொன்னார். அப்படியானால் இதுதான் சரி என்று தட்டைக் காட்டினேன். அட்டையை எழுத்துக் கூட்டுவதுபோல் நிதானமாகப் படித்தார். முகம் மாறிவிட்டது. பிரபல போட்டோகிராபர்கள்கூட இதில் தொடங்கியவர்கள்தான் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

“பையன் இன்ஜினியரிங் முடிச்சுட்டானுங்க. அவனக் கொண்டுபோயி மறுபடியும் ஒண்ணாங்கிளாஸ்ல உக்கார வெக்கறீங்களே.”

எத்தனை அடி?

மகேஸ்வரி நாமகிரிப்பேட்டைப் பெண். ஒரு கோழிப்பண்ணை ஆபீசில் முட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். பெண்கள் மட்டும் கூடுகிற சீர், வளைகாப்பு வீடுகளில் ஆண் போட்டோகிராபர்கள் நின்றால் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், அங்கே நான் எடுப்பேன் என்பது அவள் எண்ணம். வீட்டில் அரைமனதாகச் சம்மதித்திருந்தார்கள். தை மாதம் பெரியம்மா மகளுக்குச் சீர். அதை அவள் எடுக்கட்டும். நன்றாக வந்தால் பண்ணைக்குப் போக வேண்டாம். சரிப்படவில்லையா, கணக்கு நோட்டும் கல்யாணப் பேச்சும்.

கூட அவள் அம்மா வந்திருந்தார், மடியில் மஞ்சப்பையோடு, வாய் திறக்காமல். அம்மாவின் தம்பியும் வந்திருந்தார். திருச்செங்கோட்டில் ரிக் லாரி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போடுகிறவர். அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது என்பது அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

மகேஸ்வரி சின்னக் கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்தாள். கைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. மாமனின் கண்ணோ மேல்தட்டில் இருந்த குழாய் மாதிரி நீண்ட லென்சில். அதை அவள் கழுத்தில் மாட்டிப் பார்த்தார். பிள்ளை குனிந்துவிட்டாள். சீர் வீட்டில் கூடத்துக்குள்ளேயே நின்று எடுப்பதற்கு இவ்வளவு தூரம் போகிற லென்ஸ் எதற்கு என்றேன். அப்போ சின்னது எவ்வளவு போகும் என்றார். வாய் தவறி, பெட்டியில் போட்டிருக்கிற பதினெட்டு, ஐம்பத்தைந்து என்ற எண்களைச் சொல்லித் தொலைத்தேன். அது மில்லிமீட்டர், அடிக்கணக்கு இல்லை என்று நான் விளக்கியதெல்லாம் அவர் காதில் ஏறவே இல்லை.

“ஏனுங்க, அம்பத்தஞ்சு அடியில எந்தக் காட்டுலீங்க தண்ணி வந்துருக்குது?”

பிரிக்கக் கூடாது

மூன்றாவது முறை வந்தபோது மாமன் இறங்கி வந்தார். பிள்ளை ஆசைப்படுகிறது, சின்னதே இருக்கட்டும் என்றார். எனக்கு உயிர் வந்தது. பெட்டியைப் பிரிக்கக் கத்தரியை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துவிட்டார். முதல் படம் குலதெய்வம் கருப்பனாருக்கு. அதுவரை பெட்டி பிரியக் கூடாது.

இந்தத் தொழிலில் ஒரு கேமராவை வாங்குகிறவர் முன்னால் பிரித்து, நாலு படம் எடுத்துக் காட்டாமல் அனுப்புவது பாவம். பேட்டரியையாவது போட்டுக் காட்டுகிறேனே என்று கெஞ்சினேன். இந்தக் கேமராவின் பின்பக்கத் திரை செல்போன் மாதிரி தானாக எதையும் காட்டாது, மேலே இருக்கும் துளையில் கண்ணை வைத்துத்தான் பார்க்க வேண்டும், தலையில் இருக்கும் திருகைப் பச்சை நிறக் குறியில் வைத்துவிட்டால் மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும் என்று பிரிக்காத பெட்டியைக் காட்டியே பாடம் நடத்தினேன். மகேஸ்வரி தலையாட்டினாள். மாமன் பெட்டியை மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.

“பொண்ணு பாக்க வந்த எடத்துலயே தாலி கட்டச் சொல்றீங்களே சார்.”

எம்

அடுத்த வாரம் கடை திறந்த கையோடு மூன்று பேரும் வந்து நின்றார்கள். மஞ்சள் துணியும் அப்படியே வந்திருந்தது.

நடந்ததை மகேஸ்வரிதான் சொன்னாள். கோயிலில் பூசை முடிந்ததும், பெரியவர் கையால் எடுக்கட்டும் என்று கேமராவை மாமனிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் செல்போனைப் பிடிப்பதுபோல் கையை நீட்டிப் பிடித்திருக்கிறார். திரையில் ஒன்றும் தெரியவில்லை. ஆன் ஆகவில்லை போலிருக்கிறது என்று தலையிலிருந்த திருகைத் திருப்பியிருக்கிறார். அதில் வரிசையாக எழுத்துகள். எம் வந்ததும் நிறுத்திவிட்டார். மகேசுக்கு எம்!

எம் என்றால் வெளிச்சக் கணக்கு முழுவதையும் எடுக்கிறவரே வைத்துக்கொள்ள வேண்டும். ஒற்றை விளக்கு எரிகிற கருவறைக்கு முன்னால் நின்று, ஒன்றும் வைக்காமல் அவர் அழுத்த, படம் கன்னங்கரேலென்று வந்துவிட்டது. நடுவில் நெல் அளவுக்கு ஒரு சுடர், அவ்வளவுதான். மொதப் படமே இருண்டுருச்சே என்று பங்காளிகளில் யாரோ சொல்ல, பொங்கல் சாப்பிடாமலே பாதிப் பேர் கிளம்பிவிட்டார்களாம். கேமராவைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் மாமன். மகேஸ்வரி அதற்குள் பண்ணை ஆபீசுக்குப் போய் உட்கார்ந்துவிட்டவள் மாதிரி நின்றாள்.

நான் திருகைப் பச்சைக்குத் திருப்பி, எதிர் டீக்கடையை ஒரு படம் எடுத்துக் காட்டினேன். டீயின் நுரை வரை தெரிந்தது. பழுது ஒன்றும் இல்லை, பாருங்கள் என்றேன். பார்த்தார். அந்தக் கருப்புப் படத்தை அழித்துவிடலாமா என்று புத்தி கெட்டுக் கேட்டேன். சாமி படத்தையா என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். எம் என்றால் மேனுவல் என்று மறுபடி ஆரம்பித்தேன். கை அமர்த்தினார்.

“இனிமேட்டு வர்ற படம் நல்லா வருமுன்னு நானும் ஒத்துக்கறனுங்க. மொதப் படம் வந்துருச்சே, அதுக்கு என்ன பண்றதுங்க?”

கருப்பு

இதற்கு எந்தக் கம்பெனிப் புத்தகத்திலும் பதில் இல்லை. இனி வாதாடிப் பயனில்லை என்று பெட்டியை வாங்கக் கை நீட்டினேன். அப்போதுதான் அந்த அம்மா, இதற்கு முன் மூன்று முறை வந்தும் ஒரு வார்த்தை பேசாதவர், படத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், கழற்றிவிட்டும் பார்த்தார். நடுவில் இருக்கிறது வெளக்குத்தானுங்களே என்று என்னிடம் கேட்டார். ஆமாங்க என்றேன். கேமராவை வாங்கி மகள் கையில் கொடுத்துவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினார்.

“ஏன்டா, கருப்பனாரு கருப்பா வராம, செவப்பாவாடா வருவாரு?”

மாமன் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டுச் சட்டம் மாட்டித் தரச் சொன்னார். ஒரு சுவர் அளவுக்கு இருட்டையும் ஒரு பொட்டு வெளிச்சத்தையும் அச்சடித்துக் கொடுத்தேன். பங்காளிகள் வீட்டுக்கும் பிரதி போயிற்று. தை மாதச் சீரை மகேஸ்வரிதான் எடுத்தாள். பண்ணைக் கணக்குக்கு வேறு ஆள் தேடுகிறார்களாம்.

இந்தப் பக்கத்தில் கேமரா விற்கிறவன் லென்சைப் பற்றித் தெரிந்துவைத்திருப்பதைவிட, வருகிறவரின் குலதெய்வம் எதுவென்று கேட்டுவைத்தால் மதியச் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடலாம்.

மேசை ஓரத்தில் ஒரு பிள்ளையாரும் நல்ல வெளிச்சமாக ஒரு விளக்கும் வைத்துவிட்டேன். பெட்டி பிரித்ததும் முதல் படம் அங்கேயே.