ஏரலில் ஒரு நீராவி இன்ஜினும் ஒரு டேங்கர் உப்புத் தண்ணீரும்

நீராவி ரயில் என்று விளம்பரம் செய்யும் இடங்களுக்கு இதுவரை நான்கு முறை போயிருக்கிறேன். மூன்றில் டீசல் இன்ஜினுக்குக் கறுப்புத் தகரம் போர்த்தி, புகைபோக்கிக்குள் கல்யாண மண்டபப் புகை இயந்திரத்தை வைத்திருந்தார்கள். நான்காவது உண்மையான இன்ஜின்தான். ஆனால் அதன் நெருப்பறையில் குருவி கூடு கட்டியிருந்தது. ஆகவே, ஏரல் அருகே ஒருவர் சொந்தமாக ஒரு சிறிய ரயில் அருங்காட்சியகம் நடத்துகிறார், மாதத்தின் முதல், மூன்றாம் ஞாயிறுகளில் இன்ஜினை ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டதும் போன் செய்து, உண்மையிலேயே நீராவிதானா என்று கேட்டேன்.

"வந்து தொட்டுப் பாருங்க. கை வெந்துட்டுன்னா ஆஸ்பத்திரிச் செலவு நம்ம பொறுப்பு" என்றது மறுமுனை.

பொங்கலுக்குக் கோயம்புத்தூரிலிருந்து தச்சநல்லூரில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு வந்திருந்தேன். பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, மூன்றாம் ஞாயிறாக அமைந்தது. என்னோடு வர யாரும் தயாராக இல்லை. "ரயிலைப் பாக்கதுக்கு ரயில்ல போறியளா மதினி? நல்ல கூத்து" என்று சிரித்துவிட்டு, நான்கு இட்லியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள் நாத்தனார்.

தச்சநல்லூரிலிருந்து திருநெல்வேலி சந்திப்புக்கு ஆட்டோ நூறு ரூபாய். திருச்செந்தூர் பாசஞ்சரில் குரும்பூருக்குப் பதினைந்து ரூபாய். காலை ஏழே காலுக்குக் கிளம்பிய வண்டி, பத்து நிமிடத்தில் ஆற்றைக் கடந்தது. மழைக்காலம் முடிந்து தண்ணீர் தெளிந்திருந்தது. இடப்பக்க ஜன்னல் என்றால் வெயில் முகத்தில் அடிக்கும், வலப்பக்கம் உட்காருங்கள். வயல்களும் வாழைத் தோட்டங்களும் மாறி மாறி வந்தன. எட்டரைக்குக் குரும்பூர். அங்கிருந்து ஐந்தரைக் கிலோமீட்டருக்கு ஆட்டோக்காரர் இருநூறு கேட்டு நூற்றெண்பதுக்கு வந்தார். ஏரல் பாலத்துக்குச் சற்று முன்னால், இடப்பக்க மண் சாலையில் திரும்ப வேண்டும். பெயர்ப்பலகை கிடையாது. வாழைகளுக்கு மேலே தெரியும் புகைதான் அடையாளம். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

இடம் ஒரு பழைய அரிசி ஆலையின் களம். உரிமையாளர் தங்கராஜ் அண்ணாச்சி, அறுபதைத் தாண்டியவர், ஏரலில் பாத்திரக் கடை வைத்திருப்பவர். போனில் பேசியவர் அவரேதான். நுழைவுக் கட்டணம் ஐம்பது, ரயில் சவாரி நூறு. சீட்டைக் கிழித்துக்கொண்டே, "என்ன ஜோலி பாக்கிய?" என்று கேட்டார். கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன் என்றேன். "அப்ப நம்ம பேச்சிமுத்துகூட உங்களுக்குப் பேச்சு ஒத்துப்போகும்" என்றார். எதற்காக அப்படிச் சொன்னார் என்று அப்போது புரியவில்லை.

காட்சிக் கொட்டகைக்கு அரை மணி நேரம் போதும். கைவிளக்குகள், அட்டை டிக்கெட்டுகள், தேதி குத்தும் இயந்திரம், தண்டவாளம் மாற்றும் நெம்புகோல் எல்லாம் இருக்கின்றன. 'மிகப் பழமையான' என்று எழுதப்பட்ட மூன்று பொருள்களில் ஒன்றுக்கும் ஆதாரம் எழுதப்படவில்லை. கேட்டால் "வித்தவன் அப்படித்தான் சொன்னான்" என்கிறார் அண்ணாச்சி. ஆனால் கடைசி மேசையில் ஒரு பொருள் என்னை நிறுத்தியது. ஒரு முழம் நீளத்தில் வெட்டிய இரும்புக் குழாய். அதன் வெளிப்புறம் முழுக்கக் கட்டை விரல் கனத்துக்கு வெள்ளைப் படிவு, சுண்ணாம்பு பூசியதுபோல. கையால் எழுதிய அட்டை: 'நம்ம இன்ஜின் கொதிகலனுக்குள் இருந்த குழாய். இரண்டு வருஷம் கண்ட தண்ணீரை ஊற்றியதால் வந்தது. தப்பு எங்களுடையது.' அந்தக் கொட்டகையில் ஆதாரம் கேட்கத் தோன்றாத ஒரே அட்டை அதுதான்.

வெளியே இன்ஜின் சூடாகிக்கொண்டிருந்தது. ஒரு சர்க்கரை ஆலைக்குள் கரும்பு இழுத்த சின்ன இன்ஜின். இரண்டடி அகலத் தண்டவாளம், எழுநூறு மீட்டர் போய் அதே வழியில் திரும்பும். பின்னால் இரண்டு பெட்டிகள், இருபத்து நான்கு இருக்கைகள். ஓட்டுநர், நெருப்புப் போடுபவர், எண்ணெய் விடுபவர் எல்லாம் பேச்சிமுத்து ஒருவரே. நாற்பத்தைந்து வயதிருக்கும். அரிசி ஆலையில் கொதிகலன் பார்த்தவர், அதற்கான அரசுச் சான்றிதழ் வைத்திருப்பவர். குழாயைப் பற்றிக் கேட்டேன்.

"அந்தக் குழாயெல்லாம் மாத்தி முடிக்க எட்டு மாசம் ஆச்சு டீச்சர். அதுவரைக்கும் இங்கன சம்பளம் கெடையாது. காங்கேயத்துல ஒரு மில்லுக்குப் போயிட்டேன். பிள்ளைய ரெண்டும் இங்க, நான் அங்க." நெருப்பறைக்குள் ஒரு விறகைச் செருகினார். "இன்னொரு தடவை மாத்தணும்னா இன்ஜினுக்குப் பெயிண்ட் அடிச்சு அப்படியே நிறுத்திருவேன்னு அண்ணாச்சி சொல்லிட்டாவ. நிக்க இன்ஜினுக்கு எதுக்கு ஆளு?"

பத்தேகால் மணிக்குத் தண்ணீர் டேங்கர் வந்தது. அதற்குள் நாற்பத்தோரு பேர் சேர்ந்திருந்தார்கள். உவரியிலிருந்து வேன் பிடித்து வந்த ஒரு குடும்பம் மட்டுமே பதினான்கு பேர். பேச்சிமுத்து டேங்கர் குழாயிலிருந்து ஒரு பாட்டிலில் பாதி பிடித்தார். சட்டைப் பையிலிருந்து சலவை சோப்புத் துண்டு ஒன்றை எடுத்து, நகத்தால் சுரண்டிப் போட்டு, மூடிக் குலுக்கினார். நுரையே வரவில்லை. தயிர் திரிந்ததுபோல வெள்ளை வெள்ளையாய் மிதந்தது. அவர் பாட்டிலை டேங்கர்காரரின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"ஏலே, இது எந்த ஊருத் தண்ணி?"

"ஆத்துக் கிணத்துல மோட்டார் ரிப்பேரு. ஆறுமுகநேரிப் பக்கம் ஒரு போர்ல அடிச்சேன். என்னவே, நீரு குடிக்கவா போறீரு? கொதிக்க வைக்கதுக்கு எந்தத் தண்ணியா இருந்தா என்ன?"

"பக்கத்துல உப்பளம் இருக்குன்னு தெரியுமாலே உனக்கு?"

சத்தம் கேட்டு அண்ணாச்சி வந்துவிட்டார். இன்ஜினின் தொட்டியில் ஒரு நடைக்குத்தான் தண்ணீர் மிச்சம். எல்லாரையும் ஏற்ற இரண்டு நடை வேண்டும், மதியம் வருபவர்களுக்கு இன்னும் மூன்று. "ஒரு நாளுதானே வே. அடுத்த தடவை நல்ல தண்ணி ஊத்திக் கழுவிருவோம். அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காவ, என்னத்தைச் சொல்லி அனுப்ப?"

"முதல்ல ஊத்துனதும் ஒரு நாளுதான் அண்ணாச்சி."

அண்ணாச்சி சுற்றிப் பார்த்தார். பார்வை என்மேல் நின்றது. "டீச்சர், நீங்க படிச்சவுக. ஒரு டேங்கர் தண்ணி ஊத்துனா இது வெடிச்சிருமா? நீங்க சொல்லுங்க."

அடுத்தவர் விவகாரத்தில் தலையிடுவது எனக்குப் பிடிக்காது. அதைவிட, அவர் கேட்ட கேள்விக்கு நேர்மையான பதில் அவருக்குச் சாதகமானது. ஒரு டேங்கர் தண்ணீரால் எந்தக் கொதிகலனும் வெடிக்காது. நானும் அந்த ரயிலில் ஏறத்தான் வந்திருந்தேன்.

"வெடிக்காது" என்றேன். அண்ணாச்சியின் முகம் மலர்ந்தது. பேச்சிமுத்து பாட்டிலைக் கீழே வைத்துவிட்டார்.

நான் கொட்டகைக்குள் போய் அந்தக் குழாயைத் தூக்கி வந்தேன். நினைத்ததைவிடக் கனம். டிக்கெட் மேசையில் வைத்து, அட்டையை அவர் பக்கமாகத் திருப்பினேன். "இதுவும் வெடிக்கவில்லைதானே? இதற்கு எத்தனை டேங்கர் ஆனது என்று உங்களால் சொல்ல முடியுமா? முதல் டேங்கரை ஊற்றும்போது என்ன பேசினீர்கள் என்று நினைவிருக்கிறதா?"

அண்ணாச்சி குழாயைப் பார்த்தார். வேன் குடும்பத்தைப் பார்த்தார். "அட்டை எழுதுனதும் நான்தான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு டேங்கர்காரரிடம், "எடுலே வண்டிய" என்றார். தண்ணீரைக் கீழே திறந்துவிடவா என்று அவர் கேட்டதும், வேலிக்கு அந்தப் பக்கம் வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியோடு ஓடிவந்தார். "ஏ அண்ணாச்சி! அந்த உப்புத் தண்ணிய என் வாழைக்கு விட்டீரு, நடக்கதே வேற!"

இருக்கும் தண்ணீருக்கு ஒரே ஒரு நடை, பன்னிரண்டு வயதுக்குக் கீழும் அறுபதுக்கு மேலும் முதலில் என்று அறிவித்தார் அண்ணாச்சி. மற்றவர்களுக்குச் சவாரிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். நான் இரண்டிலும் சேரவில்லை. வேன் குடும்பத்துப் பெரியவர் ஒருவர், "படிச்ச அம்மா ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா நாங்க எல்லாரும் போயிருக்கலாம்" என்று என் காதில் விழும்படியே சொல்லிவிட்டுத்தான் ஏறினார். வண்டி பைய நகர்ந்தது. ஊதல் சத்தத்துக்கு வாழைத் தோட்டத்துக் கொக்குகள் மொத்தமாக எழும்பின. பதினான்கு நிமிடத்தில் திரும்பி வந்தது. இறங்கும்போது அந்தப் பெரியவரின் கோபம் கொஞ்சம் குறைந்திருந்ததுபோலத் தோன்றியது. என் ஊகமாகவும் இருக்கலாம்.

கூட்டம் கலைந்ததும் பேச்சிமுத்து கூப்பிட்டார். "ஏறுங்க டீச்சர். ஓட்ட முடியாது, பாக்கலாம்." இன்ஜினுக்குள் இருவர் நிற்கத்தான் இடம். கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் மூச்சுவிடுவதுபோல மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தது. போலி இன்ஜின்களில் இந்த அசைவு இருக்காது. பேச்சிமுத்து கைகாட்டிய இரும்புக் கதவை ஒரு விரலால் தொட்டேன். உடனே எடுத்துவிட்டேன். ஆஸ்பத்திரிச் செலவு தேவைப்படவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: பிற்பகல் திரும்பும் வண்டியின் நேரத்தைக் குரும்பூரில் இறங்கியவுடனே கேட்டுக்கொள்ளுங்கள், தவறவிட்டால் ஏரலிலிருந்து திருநெல்வேலிக்குப் பேருந்து உண்டு, ஒன்றரை மணி நேரம் ஆகும். களத்தில் நிழல் குறைவு. தொப்பி, குடிதண்ணீர், சாப்பாடு கையில் இருக்கட்டும். வெள்ளைத் துணி வேண்டாம், கரி படும். கழிப்பறை ஒன்றுதான், சுத்தமாக இருந்தது. எனக்கு ஆன மொத்தச் செலவு, திரும்பிய நூறு ரூபாய் நீங்கலாக, அறுநூற்று நாற்பது. ஒரு நாளுக்கு அது தகும் என்றே சொல்வேன், ரயிலில் ஏறாமலே.

முக்கியமாக, போன் செய்யாமல் கிளம்பாதீர்கள். இன்ஜின் ஓடுமா என்று கேட்டால் எல்லா அருங்காட்சியகங்களிலும் ஓடும் என்றுதான் சொல்வார்கள். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

இதை எழுதும் முன், நேர விவரத்தைச் சரிபார்க்க நேற்று அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டவர், நான் கேள்வியைத் தொடங்கும் முன்பே சொன்னார்: "ஆத்துத் தண்ணிதான் டீச்சர். இப்ப நானே குலுக்கிப் பாத்துட்டுத்தான் டிக்கெட்டு கிழிக்கேன்."