மொட்டைமாடியில் காய்ந்த முகம்

என் முகத்தை மூன்று மாதம் வெயிலில் போட்டு வைத்தார்கள். அப்பாவும் சித்தப்பாவும்தான். நான் அப்போது ஐந்தாவது முடித்திருந்தேன்.

மேற்குத் தாம்பரத்தில் எங்களுக்குப் போர்டு கடை. மரச்சட்டத்தில் தகரம் அடித்து, எனாமல் பூசி, கடைப் பெயர் எழுதித் தருவது தொழில். எழுதுவது அப்பா. சட்டம் அடிப்பது, ஏணி போட்டு மாட்டுவது, ஆர்டர் பிடிப்பது எல்லாம் சித்தப்பா. அப்பா எழுதிய போர்டு பத்து வருஷம் நிற்கும். அதில் அவருக்குக் கர்வம் உண்டு. வெளியே காட்டமாட்டார். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் தன் பழைய போர்டு ஏதாவது கண்ணில் பட்டால் நடை கொஞ்சம் மெதுவாகும். அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள் சித்தப்பா சாப்பிட உட்கார்ந்தவர் சாப்பிடாமல் பேசிக்கொண்டே இருந்தார். கிண்டியில் புதிதாக ஒரு மெஷின் வந்திருக்கிறதாம். கம்ப்யூட்டரில் படத்தைக் கொடுத்தால், கதவு அகலத்துக்குப் பிளாஸ்டிக் துணியில் அச்சடித்து வெளியே தள்ளுமாம். எழுத்து, கோபுரம், ஆள் முகம், எதுவானாலும் சரி.

"ஒரு மூஞ்சி வரைய உனுக்கு ரெண்டு நாள் ஆவுது. அது டீ குடிக்கிற நேரத்துல துப்பிக்கினே கீதுண்ணா," என்றார்.

"துப்பினது நிக்குமா?" என்று மட்டும் அப்பா கேட்டார்.

அம்மா சித்தப்பாவுக்கு ரசம் ஊற்றினாள். மெஷின் வந்தால், வீடு கட்ட வாங்கிப் போட்டிருந்த செம்பாக்கம் மனை போகும். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். விற்க எங்களிடம் வேறு எதுவும் இல்லை.

நாங்கள் பீர்க்கன்கரணையில் வாடகைக்கு இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மனைக்குப் போவாள். ஏரிக்குப் பக்கத்தில் இருந்தது. உடைந்த செங்கல்லை வைத்துத் தரையில் வீடு கட்டுவாள். இது சமையலறை, இது ஹால், இது பாப்பாவுக்கு. என் அறையில் ஏரி பார்த்த ஜன்னல். அடுத்த வாரம் போனால் மாடு கல்லையெல்லாம் தள்ளிவிட்டிருக்கும். அம்மா சலித்துக்கொள்ளாமல் மறுபடி வைப்பாள். ஒவ்வொரு தடவையும் சமையலறை கொஞ்சம் பெரிதாகும்.

மெஷினைப் பார்க்க நாங்கள் மூன்று பேர் போனோம். சாம்பிள் அடிக்க ஒரு ஃபோட்டோ கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் எடுத்த என் ஃபோட்டோவைச் சித்தப்பா எடுத்துக்கொண்டார். இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், சிவப்புப் பொட்டு. ஃபோட்டோவோடு நானும் வருவேன் என்று அழுது தொற்றிக்கொண்டேன்.

ஏ.சி. அறை. செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். டை கட்டின ஒருவர் எங்களுக்குக் குளிர்பானம் கொடுத்துவிட்டுப் பட்டனை அழுத்தினார். மெஷினுக்குள் ஒரு டப்பா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் விரல் அகலம் படம் வெளியே வந்தது. முதலில் வகிடு. பிறகு நெற்றி. பொட்டு வந்தபோது அது தோசை அளவு இருந்தது. கண் வந்ததும் எனக்குக் கூச்சமாகிவிட்டது. என்னையே பார்த்தது. வாய் வருவதற்குள் குளிர்பானம் குடிக்க மறந்துபோனேன்.

சித்தப்பா மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா மெஷினைப் பார்க்கவில்லை. வெளியே வந்த துணியைத் தொட்டார், மோந்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார்.

"வெயில்ல எவ்ளோ நாள் சார் நிக்கும்?"

"மூணு வருஷம் கவலையே பட வேணாம் சார். ஃபாரின் இங்க்."

"ஃபாரின்ல எந்த ஊரு வெயிலு சார்?" என்றார் அப்பா. டை கட்டினவர் சிரித்தார். அப்பா நிஜமாகத்தான் கேட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பரீட்சை ஆரம்பமானது. ஒரு ஓரத்தை அம்மா துணி சோப்புப் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. சித்தப்பா ராத்திரி முழுக்க வாளித் தண்ணீரில் ஊறப் போட்டார். போகவில்லை. அப்பா மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தார். என் இடது சடை துடைத்த துணியோடு வந்துவிட்டது.

"போர்டை யாருண்ணா கிருஷ்ணாயில்ல குளிப்பாட்டப் போறான்?" என்று சித்தப்பா சண்டைக்கு வந்தார்.

அப்பா படத்தைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போனார். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. புது கம்பெனி பெயிண்ட் எது வந்தாலும் தகரத்தில் பட்டையாகத் தீட்டி, பாதியை மூடி, பாதியைக் கத்திரி வெயிலுக்குக் காட்டுவார். எல்லா நிறத்திலும் சிவப்புதான் முதலில் ஓடும் என்பார். சிவப்பு நின்றால் கடைக்குள் வரும். ஓடினால் அந்தக் கம்பெனிக்காரர் கடை வாசலோடு சரி.

என் படத்தைத் தரையில் விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்தார். மூக்குக்கு அந்தப் பக்கம் தகரத்தைப் போட்டு மூடினார். இந்தப் பக்கம் வானத்தைப் பார்த்தது.

"ஆடி பொறக்கட்டும். செவப்பு நின்னுதுன்னா வாங்கிக்கலாம். ஓடிச்சுன்னா இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"நீ சொன்ன பேச்சு மாறமாட்டியே?" என்று சித்தப்பா கேட்டார்.

"நான் எப்படா மாறியிருக்கேன்?"

அப்படித்தான் அந்தக் கோடை விடுமுறையில் எனக்கு ஒரு வேலை வந்தது. காலையில் மாடி ஏறுவேன். சூரியனைப் பார்த்துக் கும்பிட்டு, இன்றைக்கு இன்னும் கொஞ்சம் காயணும் என்று வேண்டிக்கொள்வேன். ஊரெல்லாம் மழை கேட்டது. நான் ஒருத்திதான் வெயில் கேட்டேன். எனக்கு அந்த ஏரி பார்த்த ஜன்னல் வேண்டும்.

சித்தப்பாவும் வேண்டிக்கொண்டுதான் இருந்தார். மேகம் வந்தால் அவருக்கு முகம் தெளியும். ஒருநாள் உச்சி வெயிலில் வற்றல் எடுக்க மாடிக்குப் போன அம்மா அவரைப் பிடித்துவிட்டாள். படத்தின் பக்கத்தில் குடையோடு நின்றிருந்தார்.

"இன்னா தம்பி, ஃபோட்டோவுக்குக் குடை புடிக்கிறே?"

"கொழந்த மூஞ்சி காயுதே அண்ணி. மனசு கேக்கல."

"கொழந்த கீழ வெயில்ல பாண்டி ஆடிக்கினு இருக்குது. போயி அதுக்குப் புடி."

அம்மா இதை அப்பாவிடம் சொல்லவில்லை. மனையைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போவது மட்டும் நிற்கவில்லை.

பள்ளிக்கூடம் திறந்தது. ஆடி பிறந்தது. அன்று எல்லோரும் மாடிக்குப் போனோம். கீழ் வீட்டு ஹவுஸ் ஓனர் அக்காவும் வந்தார். முடிந்ததும் அந்தத் துணி தனக்கு வேண்டும், மிளகாய் காயப் போட நன்றாக இருக்கும் என்று முன்பே சொல்லி வைத்திருந்தார்.

அப்பா தகரத்தைத் தூக்கினார்.

மூடியிருந்த பக்கம் நான் அப்படியே இருந்தேன். திறந்திருந்த பக்கம் வேறு யாரோ. கன்னம் சாம்பல் பூத்து நீலமாக இருந்தது. ரிப்பன் வெளிறிவிட்டது. தோசை அளவுப் பொட்டில் பாதி சிவப்பு, பாதி பழைய சுவர் நிறம்.

"அய்யே, பாப்பாவுக்குச் சோகை புடிச்ச மாதிரி கீதே," என்றார் ஹவுஸ் ஓனர் அக்கா.

நான் கைதட்டினேன். "ஓடிடுச்சு, ஓடிடுச்சு" என்று மாடியைச் சுற்றி ஓடினேன். சித்தப்பா தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்தார். மூணு வருஷம் என்றானே என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வெளிறிய கன்னத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். நகத்தால் கீறினார். துணி கிழிகிறதா என்று இழுத்தார். கிழியவில்லை.

"சரி, வாங்கிடலாம்," என்றார்.

சித்தப்பா நிமிர்ந்தார். "இன்னாண்ணா சொல்றே? செவப்பு ஓடிச்சே."

"ஒரு வருஷம் நிக்கும்டா. மழ ஒண்ணும் பண்ணாது. நான் எழுதுற போர்டு பத்து வருஷம் நிக்குது. அந்தப் பத்து வருஷமும் போர்டு வாங்குனவன் நம்ம கடப் பக்கம் வரவே மாட்டான். இது மங்கும். மங்குனா வருவான். அப்புறம், கல்யாணத்துக்கு எத்தினி நாளைக்கு போர்டு வோணும்? ரெண்டு நாளைக்கு. அவனுக்கு எதுக்குத் தகரம்?"

அப்பா ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

எனக்குக் கோபம் வந்தது. அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். "ஓடிச்சுன்னா பேச்சே கூடாதுன்னு அப்பாதானே சொன்னாரு? ஓடிடுச்சேம்மா."

"ஆமா, ஓடிடுச்சு," என்றாள் அம்மா. அவள் படத்தைப் பார்க்கவே இல்லை. தகரத்தைத் தூக்கினதிலிருந்து அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா கன்னத்தைக் கீறும்போதே, ஒரு வார்த்தை பேசும் முன்னாலேயே, இடுப்பில் செருகியிருந்த பீரோ சாவியை எடுத்துக் கையில் வைத்திருந்தாள். மனைப் பத்திரம் பீரோவில் இருந்தது.

சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டு உலை வைக்கக் கீழே போனாள். நான் மாடியிலேயே நின்றேன். சூரியன் நான் கேட்டதைக் கேட்டபடியே செய்திருந்தது. பிறகு எப்படி மனை போகும் என்று படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். படத்தில் ஒன்றும் தெரியவில்லை.