அம்மைத் தழும்பு இல்லாத முகம்

போன வாரம் கிள்ளானிலிருந்து விஜயா அக்காவின் மகள் அழைத்தாள். “அம்மா தூக்கத்துலயே போய்ட்டாங்க, அங்கிள்,” என்றாள். நான் பிரிக்பீல்ட்ஸில் சாலையைக் கடக்க நின்றிருந்தேன். விளக்கு மாறியும் கடக்கவில்லை.

தொண்ணூறுகளில் எங்கள் வார இதழில் ஸ்கேனரும் கணினியும் அக்காவின் பொறுப்பு. அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், மங்கலான படத்தை ஷார்ப் பண்ணித் தெளிவாக்கித் தரச் சொன்னால் லேசில் சம்மதிக்க மாட்டார். “மெஷின் தானா நிறுத்தாது. நாமதான் நிறுத்தணும்,” என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கேரி தீவிலிருந்து கணேசன் என்பவர் வந்தார். நினைவு தடுமாறும் அவருடைய அப்பா, கிள்ளான் பேருந்து நிலையத்தில் காணாமல் போயிருந்தார். சர்க்கரை நோயாளி, மருந்தெல்லாம் வீட்டிலேயே கிடந்தது. கணேசன் கையில் இருந்தது, தன் கல்யாணத்தில் அப்பாவோடு எடுத்த ஒரே ஒரு படம். தேனடைபோல நுண்ணிய குழிகள் கொண்ட தாளில் போட்டது. ‘காணவில்லை’ அறிவிப்பு வரும் பக்கம் மாலைக்குள் அச்சகம் போயாக வேண்டும்.

அக்கா ஸ்கேன் செய்து ஷார்ப் பண்ணியதும் கண்ணும் மூக்கும் பளிச்சென்று வந்தன. கூடவே தாளின் குழிகளும் எழும்பி, கன்னம் முழுக்கப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. கணேசன் அதைக் கவனிக்கவில்லை. இதுவே போதும் என்றார். இதழாசிரியரும் அனுப்பச் சொன்னார்.

“அப்பாவுக்கு அம்மைத் தழும்பு இருக்கா?” என்று அக்கா கேட்டார்.

“இல்லக்கா.”

“அப்ப இது உங்க அப்பா இல்ல.”

அச்சகத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஆசிரியர் கோபத்தை அடக்கிக்கொண்டு, பக்கம் தாமதமானால் யார் பதில் சொல்வது என்று கேட்டார். அக்கா குரலை உயர்த்தாமல், “என் பேரச் சொல்லுங்க, பாஸ்,” என்றார்.

படத்தைத் தலைகீழாகத் திருப்பி இன்னொரு முறை ஸ்கேன் செய்தார். திரையில் அதை நேராக்கி, முதல் படத்தின்மேல் பாதி தெரியும்படி பொருத்தினார். ஸ்கேனர் வெளிச்சத்தால் இருபுறமிருந்தும் குழிகளில் விழுந்த நிழல்கள் ஒன்றையொன்று அழிக்க, குழிகள் மறைந்தன. நடுவில் கணினி உறைந்துபோனது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். கணேசனைப் பக்கத்தில் உட்காரவைத்து, கண்ணையும் உதட்டையும் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஷார்ப் பண்ணினார். அளவு மீறி அவற்றைச் சுற்றி வெள்ளைக் கோடு தோன்றியதும் உடனே பின்வாங்கினார். முடிவில் வந்த படம் முதலில் வந்ததைவிடச் சற்று மென்மையாகவே இருந்தது. கணேசன் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, அரை மனதோடு தலையசைத்தார்.

மறுநாள் இதழ் வெளிவந்தது. முதல் அழைப்பு சுங்கை பூலோவிலிருந்து. கணேசன் ஓடினார். அங்கே இருந்தவர் வேறு யாரோ. அன்று அக்கா சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. ஒருவேளை தான்தான் தவறு செய்துவிட்டோமோ என்று என்னிடம் மெல்லக் கேட்டார்.

அடுத்த அழைப்பு காஜாங்கிலிருந்து வந்தது. நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்கும் ஓர் அம்மா பேசினார். தாடி வளர்ந்திருந்தாலும் படத்தில் உள்ள முகம்தான், கடைக்குப் பின்னால் காய்ச்சலோடு படுத்திருக்கிறார் என்றார். கணேசன் போய்ச் சேர்ந்தபோது பெரியவருக்கு உயிர் இருந்தது.

அதன்பின் தீபாவளிதோறும் கணேசன் அப்பாவை அலுவலகத்துக்கு அழைத்து வருவார். பெரியவருக்கு எங்களில் யாரையும் அடையாளம் தெரியாது. அக்கா ஒவ்வொரு முறையும் எழுந்து வந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “ஐயா, என் பேரு விஜயா. இங்கதான் வேலை செய்றேன்,” என்பார், இப்போதுதான் முதன்முதலாகச் சந்திப்பதுபோல. அவர் காணாமல் போன கதையை ஒருநாளும் நினைவூட்டியதில்லை.

அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது, ஆசிரியரிடமும் பெரியவரிடமும் ஒரேபோல் உயராமல் பேசிய அந்தக் குரலைத்தான்.