ஸ்டூலுக்கு வந்த மரியாதை

எங்கள் ஜவுளிக்கடைக்கு ஸ்டூல்கள் வந்த அன்று முதலாளி போட்ட முதல் உத்தரவு, அதில் யாரும் உட்காரக் கூடாது என்பதுதான்.

கடை தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம். நான் சேலை செக்‌ஷனில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவள். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று அரசு சட்டம் கொண்டுவந்தபோது எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஸ்டூலும் வந்தது. பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிக்காமல் கவுன்டருக்குள் வரிசையாகப் போட்டு வைத்தார் முதலாளி.

"கஸ்டமர் வர்றப்போ உக்காந்திருந்தா கடைக்கு என்னம்மா மரியாதை? இது ஆபீசரு வந்தா காட்டுறதுக்கு."

என் செக்‌ஷனில் வேலை பார்த்த செல்வியை நினைத்தால்தான் பாவமாக இருந்தது. பொம்மிடியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருவாள். வந்து கடை சாத்தும்வரை நிற்பாள். நரம்பு சுருட்டிக்கொண்டு கால் வீங்கியிருக்கும். வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான். நிற்க முடியவில்லை என்று சொன்னால் வேலை போய்விடும் என்ற பயத்தில் என்னைத் தவிர யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒருநாள், தொழிலாளர் துறை ஆய்வாளர் பக்கத்துத் தெருவுக்கு வந்துவிட்டார் என்று போன் வந்தது. முதலாளி ஓடிவந்தார்.

"கவரைக் கிழிங்க! எல்லாரும் உக்காருங்க, சீக்கிரம்!"

உட்கார்ந்தோம். ஆய்வாளர் உள்ளே நுழைந்தார். அவ்வளவுதான், சொல்லிவைத்தாற்போல் எழுந்து வணக்கம் வைத்தோம். ஆபீசர் நிற்கும்போது உட்கார்ந்திருக்க எங்களை யாரும் பழக்கவில்லையே! "உக்காருங்கம்மா" என்றார். "பரவால்லீங்க சார்" என்றோம். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று முதலாளி கண்ணைக் காட்டினார், கையைக் காட்டினார். முதலாளியைப் பார்த்ததும் இன்னும் விறைப்பாக நின்றோம்.

செல்வி மட்டும் எழவில்லை.

"தெனமும் உக்காருவியாம்மா?" என்று கேட்டார் ஆய்வாளர்.

"ஆமாங்க சார்."

அவருக்குத் திருப்தி. இருக்கைகள் பயன்பாட்டில் உள்ளன என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

"என்ன தைரியம்டி உனக்கு!" என்றேன்.

"எந்திரிக்கத்தான் பாத்தேன்க்கா. காலு வரல."



மறுநாள் காலை ஸ்டூல்கள் ஒவ்வொன்றாக மாடி குடோனுக்கு ஏறின. செல்வியுடையதை எடுக்க முதலாளியே வந்தார். அவள் அசையவில்லை.

"நான் தெனமும் உக்காருறேன்னு ஆபீசரு எழுதிக்கிட்டுப் போயிருக்காருங்களே மொதலாளி. திரும்ப வந்து கேட்டா என்னங்க சொல்றது?"

முதலாளி கொஞ்ச நேரம் நின்றார். அவள் உட்கார்ந்தே இருந்தாள். மத்தியானத்துக்குள் மற்ற ஸ்டூல்களும் இறங்கி வந்தன.

இப்போது கடை வேலைக்குப் போகும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். சட்டம் ஸ்டூலைக் கவுன்டர் வரைக்கும் கொண்டுவந்து போடும். உட்காரும் வேலையை நாம்தான் பார்க்க வேண்டும்.