உயிரோடிருந்தவருக்குச் சிவப்பு பல்பு

மாதுங்காவில் ஒரு மனிதரை அவருடைய அறுபதாம் கல்யாணத்தன்று நான் சாகடித்தேன். போலீஸ் வரவில்லை. இலை போட்டுப் பாயசத்தோடு சாப்பாடு கொடுத்து அனுப்பினார்கள். சொந்தத் தொழில் என்று இறங்கி எனக்குக் கிடைத்த முதல் வேலை அது.

அதற்கு முன்பு தாராவி மெயின் ரோட்டில் ஒரு போர்டு பட்டறையில் இருந்தேன். அறுபதுகளின் தொடக்கம். தோல் கிடங்குகளுக்கும் இட்லிக் கடைகளுக்கும் பெயர்ப்பலகை எழுதுவது பட்டறையின் பிழைப்பு. இறந்தவர்களின் படம் போடுவது முதலாளியின் பெருமை. யார் வீட்டிலாவது ஒருவர் போய்விட்டால், காரியம் முடிவதற்குள் பிள்ளைகள் ஒரு போட்டோவோடு வந்துவிடுவார்கள். எவருடைய கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோவாக இருக்கும். பின்வரிசையில் யாருடைய தலைக்கோ பின்னால் ஒரு கண்ணும் பாதி மீசையும் தெரியும். "இதான் எங்கப்பா. பெருசா போட்டுக் குடுங்க" என்பார்கள். மிச்ச முகத்தை நாங்கள்தான் படைக்க வேண்டும். உயிரோடு இருந்தபோது கண்ணாடி வளையலுக்கு மேல் காணாத பெண்களுக்கெல்லாம் வைரத்தோடு போட்டு அனுப்பியிருக்கிறேன். இறந்தவர்கள் நல்ல வாடிக்கையாளர்கள். அசைய மாட்டார்கள், மூக்கு சரியில்லை என்று சொல்ல மாட்டார்கள்.

பிற்காலத்தில் என் படங்களில் வரும் மேகங்களைப் பற்றிக் கலை தெரிந்தவர்கள் என்னென்னவோ எழுதினார்கள். ஆன்மா என்றார்கள், வெறுமை என்றார்கள். மறுத்துப் பேசுவது நாகரிகமில்லை என்று தலையாட்டி வைத்தேன். உண்மை என்னவென்றால் முதலாளிக்குக் கை வரைய வராது. அவரிடம் தொழில் பழகிய எனக்கும் வராது. ஆகவே எங்கள் பட்டறையிலிருந்து போன அத்தனை பேரும் மார்பு வரைக்கும் மேகத்துக்குள் நின்றார்கள்.

எனக்கு உள்ளூர ஒரே ஒரு வெறிதான். நான் போட்ட படத்தில் என் பெயர் இருக்க வேண்டும். பட்டறையில் அது நடக்காது. எல்லாப் படத்தின் மூலையிலும் பட்டறையின் பெயர்தான். ஒருநாள் ஒரு தோல் வியாபாரியின் தகப்பனார் படத்தில், கீழே மேகத்தின் மடிப்பில், பொடி எழுத்தில் என் பெயரைச் செருகிவிட்டேன். படத்தை வாங்கிப் போனவர் மறுநாளே திரும்பி வந்து, "எங்கப்பாவுக்குக் கீழ ஒரு துலுக்கன் பேரு இருக்கே, அவரு யாரு? எங்க அப்பாவுக்கு வேண்டப்பட்டவரா?" என்று கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார்.

"பேரு போடணும்னா சொந்தமாக் கடை போட்டுப் போடுலே" என்றார். அன்றைக்கே வெளியே வந்துவிட்டேன். எனக்கும் ரோஷம் உண்டு.

வாப்பா காலமான பிறகு எங்கள் வீட்டில் மாமா வைத்ததுதான் சட்டம். உம்மாவின் தம்பி. தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். தோல் வெட்டி வெட்டி அவர் கை முழுக்கத் தழும்பு. நான் படம் போடுவதே அவருக்குப் பிடிக்காது.

"உருவம் வரையாதலேன்னு எத்தன வாட்டி சொல்லுதேன்? மறுமையில, இந்தா நீ வரஞ்சதுக்கு உசுரு குடுன்னு கேப்பாங்க. எங்க போயி முழிப்ப?"

"அதுக்குத்தான் மாமா, செத்தவங்கள மட்டும் வரையுதேன்."

இந்தப் பதிலுக்கு மறு பதில் யோசிக்க மாமாவுக்கு ஒரு வாரம் பிடித்தது. யோசித்து முடித்ததும், விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டு வந்து நின்றார். "பெருநாள் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள நாலு பேரு உன் பேரச் சொல்லித் தேடி வந்தாப் பொழச்ச. இல்லன்னா விக்ரோலி" என்றார். தேடி வந்தவர் ஒருவரும் இல்லை. உம்மா மட்டும் தண்ணீர் பிடிக்க ஆள் வேண்டும் என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள்.

பெருநாள் நெருங்கிக்கொண்டிருந்தபோதுதான் மாதுங்காவிலிருந்து ஒருவர் தேடி வந்தார். ரயில்வே ஆபீசில் பெரிய குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபதாம் கல்யாணத்துக்குத் தன்னை ஆயில் பெயின்ட்டில் போட வேண்டுமாம். உயிரோடு இருக்கிற ஒருவரை நான் அதுவரை வரைந்ததில்லை. அதைச் சொல்லுவேனா? "தாராளமா சார்" என்றேன்.

காலையில் பேப்பர் படித்து முடித்ததும் பால்கனியில் நாற்காலி போட்டு உட்காருவார். உட்காருவார் என்பது பேச்சுக்குச் சொல்வது. கீழே காய்கறிக்காரன் போனால் எழுந்து பேரம் பேசுவார். எதிர்வீட்டு ரேடியோ சத்தமாக இருந்தால் எழுந்து அதட்டுவார். திரும்பி வந்து உட்காரும்போது முகம் வேறு பக்கம் இருக்கும். வாயோ ஓயாது. செம்பூரில் இருக்கும் தங்கையோடு அவருக்குப் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம், அவர்கள் அம்மாவின் வெள்ளிக் கூஜா. அது தனக்கு என்று தங்கையும், கொடுக்க மாட்டேன் என்று இவரும். கூஜா பேச்சு வந்தால் புருவம் இரண்டும் மேலே போய் நெற்றியில் ஒட்டிக்கொள்ளும். நான் புருவத்தை அழித்து அழித்து வரைந்தேன்.

"மூக்கு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கேப்பா" என்பார்.

"சார், மூக்கு அப்படித்தான் இருக்கு."

"இருந்தா என்ன? கொறைக்கப்படாதா? ஒண்ணு சொல்லிடறேன், கை நன்னா வரணும். ஆபீஸ்ல ரிட்டயர் ஆறப்போ குடுத்த வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி இருக்கே, அதைப் பிடிச்சிண்டிருக்காப்பல."

கை! வீட்டுக்குக் கொண்டுவந்து வரைந்து பார்த்தேன். வாழைப்பழச் சீப்பு வந்தது. அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். வேறு ரகச் சீப்பு வந்தது. கல்யாண வேலையில் பெரியவரும் உட்காருவதை நிறுத்திவிட்டார். முடித்து நேரே பிரேம் போட்டு அன்றைக்குக் காலையில் அனுப்பு, எல்லோரோடும் சேர்ந்து நானும் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். கேட்க ஆள் இல்லை என்றானதும் என் கை பழகிய வழிக்குப் போயிற்று. கைத்தடியும் சீப்பும் மேகத்துக்குள் மறைந்தன. மேகம் வந்த பிறகு புருவம் பொருந்தவில்லை, இறக்கினேன். கண்ணைக் கொஞ்சம் மேலே பார்க்க விட்டேன். முகத்தில் ஒரு சாந்தம் வந்தது. அவர் குடும்பத்தில் யாரும் அவரிடம் பார்த்திராத சாந்தம். நன்றாகத்தான் இருந்தது. கீழ் மூலையில், ஒளிக்காமல், சிவப்பில் என் முழுப் பெயரையும் எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தைவிடப் பெயர் நன்றாக வந்திருந்தது.

பிரேம் கடை சயானில். கடைக்காரர் வடக்கத்தி பாய். எங்கள் பட்டறைப் படங்களுக்கெல்லாம் அவர்தான் பிரேம். "ஃபிக்கர் மத் கரோ ஆர்டிஸ்ட், கவலையே வேணாம், ஏ ஒன் பண்ணி அனுப்பறேன்" என்றார். ஏ ஒன்னாகவே பண்ணியிருந்தார். மேலே மாலை மாட்ட இரண்டு பித்தளைக் கொக்கி. நெற்றிக்கு நேராகச் சிவப்பு ஜீரோ பல்பு, ஒயரோடு. பிறகு நான் சண்டைக்குப் போனபோது, "கண்ணாடிக்குள்ள சாமி இருக்கும், இல்லேன்னா செத்தவன் இருப்பான். ரெண்டுக்கும் பல்பு உண்டு. ஜிந்தா ஆத்மி, உசிரோட இருக்கறவன், உள்ளே என்ன பண்றான்?" என்று என்னையே கேட்டார். எங்கள் வீட்டுச் சுவரில் எவர் படமும் மாட்டுவதில்லை. எனக்குத் தெரிந்த பிரேம் எல்லாம் அவர் போட்ட பிரேம்தான். நானே பார்த்திருந்தாலும் எனக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

கல்யாணத்தன்று மாமாவும் என்னோடு கிளம்பினார். உண்மையாகவே இவனுக்கு வேலை வந்ததா என்று பார்க்க வேண்டுமாம். தாராவியிலிருந்து மாதுங்கா வரை நடந்தோம். வழி முழுக்க ஒரே புத்திமதி.

"அங்கன வந்து மாமா கீமான்னு கூப்பிடாத. நான் சும்மா கூட வந்த ஆளு. என்ன?"

கட்டடத்தின் மாடிப்படி ஏறும்போதே மேலே இருந்து ஒப்பாரி கேட்டது. மாமா நின்று, துக்க வீட்டில் சொல்வதை முணுமுணுத்துவிட்டு, "யாரு வீடுலே?" என்றார்.

நடந்தது இதுதான். காலையில் படம் வந்ததும் வேலைக்காரர்கள் அதைக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். ஒயர் இருக்கிறதே என்று பிளக்கில் சொருகியிருக்கிறார்கள். மாலை மாற்றுவதற்கு வந்த பெரிய மாலையை, கொக்கி இருக்கிறதே என்று அதில் தொங்கவிட்டிருக்கிறார்கள். பெரியவர் குளிக்கப் போய்விட்டார். அவர் மனைவிக்குப் பக்கத்து வீட்டில் அலங்காரம். பிள்ளை வாத்தியாரைக் கூப்பிடப் போயிருந்தான். அந்த நேரம் பார்த்து, பல வருஷம் கழித்து, சரி போனால் போகிறது என்று மனம் இளகி, செம்பூரிலிருந்து தங்கை வந்து நுழைந்திருக்கிறாள். ஆளில்லாத கூடம். மேகம், மாலை, சிவப்பு பல்பு, சாந்தம்.

நாங்கள் போனபோது அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டிருந்தாள். "அண்ணா! வரேன்னு சொல்லி அனுப்பினேனே, அதுக்குள்ள என்ன அவசரம்? தங்கமான மனுஷன்! என்னைத் தோள்ல தூக்கிண்டு ஸ்கூலுக்குப் போவியே! எனக்குக் கூஜாவும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், நீ திரும்பி வந்தாப் போறும்!" பக்கத்து வீட்டுப் பெண்கள் என்ன ஏது என்று கேட்காமலே சேர்ந்து அழுதார்கள். மாதுங்கா மரியாதை தெரிந்த இடம்.

சட்டென்று அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். குளியலறைக் கதவு திறந்தது. ஈர வேட்டியும் காதோரம் சோப்பு நுரையுமாகப் பெரியவர் நின்றார்.

"ஏண்டி நிறுத்திட்டே? இப்பதானே நல்ல இடத்துக்கு வந்தே!"

தங்கை போட்ட கூச்சலில் சமையல்காரர் கரண்டியோடு ஓடி வந்தார். என் காதருகே மாமா, "அட, உசுரு குடுத்துட்டியேலே" என்றார். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இருக்கேளா? அப்போ கூஜா எங்கே?"

அதற்குள் பிள்ளை வாத்தியாரோடு வந்துவிட்டான். பல்பைப் பார்த்தான், மாலையைப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா! எந்த மடையன் இதை வரைஞ்சான்?" என்று படத்தின் மூலையைக் குனிந்து பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. சயான்காரர் அகலமான பிரேம் போட்டதில், என் பெயர் மரத்துக்குள் போயிருந்தது.

மாமா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "பேரு இல்ல. தப்பிச்ச. வாலே, அப்படியே எறங்கிருவோம்."

இறங்கியிருக்கலாம். பிள்ளைக்கு என் முகம் தெரியாது, நான் வரையப் போகிற நேரமெல்லாம் அவன் ஆபீசில் இருப்பான். பெரியவர் கூஜா விஷயத்தில் மும்முரமாக இருந்தார். ஆனால் எனக்கு அந்தச் சமயத்தில் வந்தது பயம் இல்லை, கோபம். பல வருஷம் பேசாத தங்கையைத் தரையில் உட்கார வைத்து அழ வைத்த முகம் நான் போட்ட முகம். அதைப் போட்டவன் யார் என்று ஒருவர் கேட்கிறார், திட்டுவதற்காகத்தான் கேட்கிறார் என்றாலும் கேட்கிறார். நான் படியிறங்கிப் போவதா?

"நான்தான் வரைஞ்சேன்" என்றேன். குரல் எனக்கே அதிகமாகக் கேட்டது. "பேரு இருக்கு. பிரேம் மறைச்சிருக்கு."

பெரியவர் படத்தின் முன்னால் வந்து நின்றார். அதுவரை அவர் அதைப் பார்க்கவே இல்லை. தன் முகத்தை நிதானமாகப் பார்த்தார். தங்கையைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சமையல்காரரைக் கூப்பிட்டுத் தேங்காய் உடைக்கிற அரிவாளைக் கொண்டுவரச் சொன்னார். மாமா எனக்கு முன்னால் வந்து மறித்து நின்றதை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை, பிற்பாடுதான் நினைத்துப் பார்த்தேன்.

பெரியவர் அரிவாளால் பிரேமின் கீழ் மூலையில் நாலு போடு போட்டார். மரம் பெயர்ந்து விழுந்தது.

"என்னைக் கொன்னவன் பேரு ஊருக்குத் தெரிய வேண்டாமா?" என்று சொல்லி, மூக்குக்கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு, என் பெயரை ஒவ்வோர் எழுத்தாக உரக்கப் படித்தார். கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். என் படத்திலிருந்து என் பெயரை ஒருவர் வாய்விட்டுப் படித்தது அதுதான் முதல் தடவை.

"எங்க அக்கா மவன்" என்றார், சும்மா கூட வந்த ஆள். யாரும் அவரைக் கேட்கவே இல்லை.

கை எங்கே, கைத்தடி எங்கே என்று பெரியவர் சாப்பாட்டுப் பந்தியில் கேட்டார். மேகத்துக்குள் இருக்கிறது சார் என்றேன். ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் விடச் சொன்னார். பல்பைக் கழற்றச் சம்மதிக்கவே இல்லை. அதை ஏற்றினால்தான் தங்கை மரியாதையாகப் பேசுகிறாளாம். கிளம்பும்போது அந்தத் தங்கை என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"எனக்கும் ஒண்ணு போடணும்ப்பா. செம்பூருக்கு வா. பல்பு கட்டாயம் வேணும். அதை அண்ணா ஆத்துக்கு அனுப்பி வைக்கப் போறேன், அவர் என்ன சொல்லி அழறார்னு நானும் பாக்கணும். ஆனா ஒண்ணு, மேகம் கீகம் கூடாது. ரெண்டு கையாலயும் கூஜாவைப் பிடிச்சிண்டிருக்காப்பல."

தாராளமாக என்றேன்.

திரும்பும்போதும் மாமாவோடு நடந்தேதான் வந்தேன். ரயில்வே பாலத்துக்குப் பக்கத்தில் வந்ததும், "ஏலே, உனக்குக் கை வரைய வருமா?" என்றார்.

"வராது மாமா."

"அப்புறம் ஏன் தலையாட்டுன?"

மாமா விக்ரோலியைப் பற்றி ஏதோ ஆரம்பிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். வீட்டுக்குப் போனதும் அவர் என் பெயின்ட் டப்பாக்களை ஒதுக்கிவிட்டு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். சட்டைக் கையை முழங்கை வரைக்கும் சுருட்டினார். தழும்பு விழுந்த அந்தக் கையை என் முன்னால் நீட்டினார்.

"மூஞ்சி வேண்டாம். கைய மட்டும் போடு" என்றார். "கைக்கெல்லாம் உசுரு கேக்க மாட்டாங்க."